பற்று விடாமை: சேத்தக் ஸ்கூட்டரின் பின்பிரேக் குறித்து

பிரேக் என்பது பற்றும் கருவி என்றே பொதுவாகக் கொள்ளப்படினும், பற்றியதை விடுவதே அதன் அரிய தொழில் என்பது பழைய சேத்தக் ஸ்கூட்டரின் பின்சக்கரத்தை நோக்குவார்க்குப் புலனாகும். 1972இல் வெளிவந்த இவ்வண்டி, 1576ஆம் ஆண்டு ஹல்திகாட்டிப் போரில் காலில் காயம்பட்டும் மகாராணா பிரதாப்பைச் சுமந்தோடியதாக மரபு கூறும் குதிரையின் பெயரைத் தாங்கியுள்ளமையால், அதற்குக் கால்நோய் வருவது பெயர்ப்பொருத்தம் என்று வாதிட இடமுண்டு. ஆயினும் அது டிரம்மைக் கழற்றிப் பாராதார் வாதம்.

மிதியை அழுத்தியதும் கேபிள் இழுக்க, கேம் எனப்படும் தட்டைமுனைத் தண்டு திரும்பி, பிறைவடிவான இரு ஷூக்களை விரித்து, சக்கரத்தோடு சுழலும் டிரம் என்னும் கிண்ணத்தின் உட்சுவரில் உரசச் செய்கிறது. பற்றுவதற்கு ஓட்டுநரின் உடல்எடை முழுவதும் துணைநிற்க, விடுவதற்கோ ஒரு சிறு ஸ்பிரிங்கே கதி. மழைநீர் புகுந்து, கேம் அமர்ந்த துளையில் கிரீஸ் காய்ந்து துருவேறியபின், கால் தள்ளியதை அந்த ஏழை ஸ்பிரிங்கால் மீட்க இயலாது. பட்டறை வழக்கில் இந்நிலை ‘ஜாம்’ எனப்படும். வண்டி உருளாமல் முரண்டுவதும், டிரம் கொதிப்பதும் இதன் குறிகள். உரிமையாளரோ முதலில் பெட்ரோல் கலப்படத்தையே சந்தேகிப்பார்.

நோய்முதல் குறித்துக் கேபிள்வாதியர், கேம்வாதியர் என இரு கட்சியார் உளர் எனலாம். பின்சக்கரம் தரைதொடாதவாறு வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, அடியில் கேமைத் திருப்பும் லிவரிலிருந்து கேபிளை விடுவித்தால் வழக்குத் தீரும்: சக்கரம் சுழன்றால் முன்னவரும், அப்போதும் இறுகியிருந்தால் பெரும்பாலும் பின்னவரும் வென்றாராவர். மிதிமேல் எந்நேரமும் கால்வைத்துத் தவங்கிடக்கும் ஓட்டுநரே காரணம் என்னும் மூன்றாம் கட்சி, பின்னிருக்கையிலிருந்து மட்டுமே பேசப்படுவது.

கேபிள் குற்றவாளியாயின் அதை மாற்றுவதோடு ஆய்வு முடியும். கேமாயின், சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றி, ஷூக்கள்மேல் ஒட்டிய உரசுபட்டையான பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடுமாதலால் தூசியை ஊதாது ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, ஷூக்களை நீக்கி, தண்டை வெளியே எடுத்து உப்புத்தாளால் தேய்த்து, மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தி, கிரீஸை மெல்லிதாக மட்டும் தடவுதல் முறை. தாராளமாகத் தடவுவோர், பிடித்தால் விடாத பிரேக்கைப் பிடிக்கவே பிடிக்காத பிரேக்காக மாற்றிவிடுகின்றனர்.

மீண்டும் பூட்டி, மிதி சிறிது வெற்றாக இறங்கியபின் பிடிக்குமாறு கேபிளின் இறுக்கத்தைச் சரிசெய்து சக்கரத்தைச் சுழற்றும்போது எழும் மெல்லிய ‘சரக்’கொலியைக் கேபிள்வாதியர் குறை என்பர், கேம்வாதியர் சுருதி என்பர்.