கத்திரி வெயிலும் கெட்டி ஆயிலும்

ஏலே பேராண்டி, இங்க வா. வெயிலு ஏறுதுன்னு வண்டிக்குக் கெட்டி ஆயிலா ஊத்தக் கிளம்பிட்டியாமே? சித்திரை வெயிலுக்கு நீ மட்டும் மோரு குடிப்பே. உன் ஸ்பிளெண்டருக்குக் களி கிண்டி ஊட்டப் போறியாக்கும்!

டப்பாவுல 20டபிள்யூ-50ன்னு போட்டிருக்குல்லா, அதுல முன்னால நிக்குத நம்பரு குளிருக்கு. 20டபிள்யூன்னா பூச்சியத்துக்குக் கீழ 15 டிகிரியில சோதிச்சுப் பாத்தது. மார்கழிப் பனிக்கே நீ போர்வைய விட்டு வெளிய வரமாட்டே. கோவில்பட்டியில அந்தக் குளிரை எங்க போய்த் தேடுவே? பின்னால நிக்குதே 30, 40, 50, அதுதான் சூட்டுக்கு. ஆயிலு 100 டிகிரியில எம்புட்டுக் கெட்டியா நிக்கும்னு சொல்லுத நம்பரு. நம்ம வெயிலு எம்புட்டுக் காய்ஞ்சாலும் 40, 42. உள்ள பெட்ரோல் எரியுத சூட்டுக்கு முன்னால அது ஒரு வெயிலாடே? அதைக் கணக்குப் போட்டுத்தான் ஸ்பிளெண்டருக்கு 10டபிள்யூ-30ன்னு கம்பெனிக்காரன் எழுதி வச்சிருக்கான். அவனுக்கு வேற சோலி இல்லையா?

வெயிலுக்குப் பங்கே இல்லேன்னும் சொல்லமாட்டேன். தண்ணி சுத்துத காரு இஞ்சின் சூட்டைக் கட்டுக்குள்ள வச்சுக்கிடும். உன் வண்டி காத்துல ஆறுத வண்டி. மூணு பேரை ஏத்திக்கிட்டு, ரயில்வே கேட்டுல அணைக்காம நின்னா காத்துக்கு எங்க போகும்? ஆயிலு ரொம்ப இளகினா இரும்போட இரும்பு உரசும். அதுக்குத்தான் சில வண்டிப் புஸ்தகத்துல வெயிலளவு பாத்து ரெண்டு மூணு கிரேடு போட்டிருப்பான். அதுல சூட்டுக்குச் சொன்னதை எடுத்துக்கோ. அதுக்கு மேல உன் புத்தியை ஊத்தாதே.

ஊத்தினா என்ன ஆகும்ங்கியா? காலையில ஸ்டார்ட் பண்ணினதும் ஆயிலு மேல ஏறிக் கேம் ஷாப்டை நனைக்க நேரம் பிடிக்கும். அந்த நேரத்துல இஞ்சின் ஜாஸ்தி தேயும். மைலேஜும் குறையும். நீ டீக்கடையில உக்காந்து பெட்ரோல் விலையை ஏசிக்கிட்டு இருப்பே.

சித்தப்பன் காருக்கு ஊத்தின மிச்சம் கிடக்குன்னு எடுத்து ஊத்திராதே. பைக்கு கிளட்ச் அந்த ஆயில்லயே முங்கிக் கிடக்கு. டப்பாவுல ஜாசோ எம்ஏன்னு இருக்கணும். இல்லேன்னா கிளட்ச் வழுக்கும். முறுக்க முறுக்கச் சத்தம்தான் வரும், வண்டி வராது.

கிரேடு கிரேடுங்கியே, கடைசியா மட்டம் பாத்தது எப்போ? சென்டர் ஸ்டாண்டு போட்டு, இஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு அணை. ரெண்டு மூணு நிமிசம் பொறு. டிப் ஸ்டிக்கைத் துடைச்சு, திருகாம சும்மா உள்ள விட்டு எடு. ரெண்டு கோட்டுக்கு நடுவுல நிக்கணும். கீழ் கோட்டுக்கும் கீழ போயிருந்தா, இல்லாத ஆயிலுக்குக் கிரேடு பாத்து என்னடே ஆகப்போவுது?

புஸ்தகம் எங்கன்னு முழிக்காதே. வண்டி வாங்கின அன்னிக்கே உன் பொஞ்சாதி பீரோவுல எடுத்து வச்சிட்டா. அவகிட்டயே கேளு, கிரேடும் அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்.