கட்டணமா, பதிவா, ஒப்பந்தமா? மனநல ஆலோசகரின் வருமானம்

கேள்வி: மனநல ஆலோசகர் கட்டணத்தை ஏற்றினால் வருமானம் கூடுமா? (அம்பத்தூர்)

பதில்: கட்டணம் கூடும், வருகிறவர்கள் குறைவார்கள். தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் பார்ப்பவர் ஒரு மணி நேர ஆலோசனைக்கு வந்தாலே அரை நாள் சம்பளம் போய்விடும். இந்த வட்டாரத்தில் நிலையான வருமானம் நிறுவனங்களோடு போடும் மாத ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: எந்த நிறுவனங்கள் கூப்பிடும்? (ஆவடி)

பதில்: முதலில் பள்ளி, கல்லூரி, கோச்சிங் சென்டர். விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்த 17 வயது மாணவியின் மரணம் குறித்த வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. 100 மாணவருக்குக் குறையாத கல்வி நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும். அதைவிடச் சிறியவை வெளியிலுள்ள மனநல வல்லுநரோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். ஊழியர்களுக்கு ஆண்டுக்கு இரு முறையாவது பயிற்சியும் தர வேண்டும். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை கல்லூரிகளுக்கும் டியூஷன் சென்டர்களுக்கும் பஞ்சமில்லை. இரண்டு மூன்று சிறு பள்ளிகளுக்கு வாரம் ஒரு நாள் வீதம் போகிறவருக்கு மாத வாடகை கவலையில்லை. ஒரு உயிர் போனபின் வந்த விதி இது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புவதற்கானதல்ல.

அடுத்தது தொழிற்சாலை. சம்பளத்துக்கு மறுநாளும் திங்கட்கிழமை காலையும் வேலைக்கு வராதவர்களின் பட்டியலைப் பார்த்தால் குடியின் கணக்கு தெரிந்துவிடும். சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை 1980 முதல் குடிநோய் சிகிச்சையில், மனைவி பிள்ளைகளையும் சேர்த்தே கவனித்துவருகிறது. அந்த முறையில் தேர்ந்தவரை மனிதவளப் பிரிவு தேடி வரும்.

கேள்வி: எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்தவர் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போர்டு வைக்கலாமா? (பூந்தமல்லி)

பதில்: கூடாது. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவருக்கே அந்தப் பெயர். அதற்கு கவுன்சில் அங்கீகரித்த மேற்படிப்பு வேண்டும். படிக்கும் காலத்தில் கையைக் கடிக்கும். முடித்தபின் மருத்துவமனை வேலைக்கும் உளவியல் சோதனைகளுக்கும் வழி திறக்கும். மற்ற ஆலோசகர்களையும் பதிவுக்குள் கொண்டுவர 2021-இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. சான்றிதழ்களையும் மேற்பார்வையில் செய்த பயிற்சி நேரக் குறிப்பையும் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

கேள்வி: அரசின் மனநல உதவி எண் 14416 இலவசமாக இருக்கும்போது காசு கொடுத்து யார் வருவார்கள்? (திருமுல்லைவாயல்)

பதில்: 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் இரவு பகல் பாராமல் கைகொடுக்கிறது. அந்த எண் ஆலோசகரின் போர்டிலேயே இருக்க வேண்டும். வாராவாரம் ஒரே ஆளிடம், போன வாரம் விட்ட இடத்திலிருந்து பேசுவதற்குத்தான் கட்டணம்.