மேல்பட்டை படிப்பவர்கள்

எங்கள் கல்லூரியில் கருத்தரங்கம் என்றால் குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் ஓரளவு குறித்த நேரத்துக்கு நடந்துவிடும். அதற்குப் பிறகு சிறப்பு விருந்தினர் லேப்டாப் பக்கம் திரும்புவார். அந்த நொடியிலிருந்து திரை முழுக்க ஸ்லைடு தெரியும்வரை நடப்பது எதுவும் அழைப்பிதழில் அச்சடிக்கப்படாத நிகழ்ச்சி. கணினி ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் அது முழுக்க என் பொறுப்பு. "தம்பி எங்கேப்பா?" என்று மைக்கிலேயே கூப்பிடுவார்கள்.

முதல் வில்லன் எஃப்5. பவர்பாயிண்ட் 1987-இல் மேக்கிண்டாஷுக்காக வந்து, பிறகு விண்டோஸுக்குக் குடிபெயர்ந்து, எஃப்5-ஐத் தட்டினால் காட்சி தொடங்கும் என்று ஒரு தலைமுறையின் விரலுக்கே சொல்லிக்கொடுத்துவிட்டது. பிரவுசரில் அதே எஃப்5-க்கு, பக்கத்தை முதலிலிருந்து கொண்டு வா என்று பொருள். பேராசிரியர் கம்பீரமாகத் தட்டுவார். திரை வெள்ளையாகும். கல்லூரி வைஃபை யோசிக்க ஆரம்பிக்கும். சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று இன்னும் பலமாகத் தட்டுவார். முக்கால்வாசி வந்திருந்த பக்கம் மறுபடி வெள்ளையாகும். கூகுள் ஸ்லைட்ஸில் கன்ட்ரோலோடு சேர்த்து எஃப்5-ஐ அழுத்த வேண்டும். இதை நான் காதில் சொன்னால், "அதுக்கெல்லாம் கன்ட்ரோல் வேணாம் தம்பி, எனக்கு நல்லாத் தெரியும்" என்பார்கள்.

விவரம் தெரிந்த சிலர் எஃப்11-ஐத் தேடுவார்கள். அது பிரவுசரின் முகவரிப் பட்டையையும் டேப்களையும் மறைக்கும், அவ்வளவுதான். ஸ்லைடைத் திருத்தும் மெனுவும், இடதுபக்கம் வரிசையாக நிற்கும் குட்டி ஸ்லைடுகளும் அப்படியே இருக்கும். கதையின் முடிவு அந்தக் குட்டி வரிசையிலேயே தெரிந்துவிடுவதால், "நன்றி" என்ற ஸ்லைடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சபை கணக்குப் போட ஆரம்பித்துவிடும். அதுவும் இன்றைய லேப்டாப்களில் எஃப்11 வெறும் எஃப்11 இல்லை. ஒன்றில் ஒலி கூடும், ஒன்றில் வெளிச்சம் குறையும், இன்னொன்றில் விமானப் பயன்முறை வந்து உள்ள வைஃபையும் போய்விடும். எஃப்என் என்ற பொத்தானையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அது எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் முதல் வரிசைக்குக் காபி வந்துவிடும்.

இவ்வளவு பாடு இருந்தும் எங்கள் தமிழ்த்துறை பிரவுசரை விடாததற்கு நியாயமான காரணம் உண்டு. முன்பெல்லாம் பாமினி எழுத்துருவில் ராத்திரி பகலாகத் தட்டி, பென்டிரைவில் போட்டுக்கொண்டு வருவார்கள். இங்கே உள்ள கணினியில் அந்த எழுத்துரு இருக்காது. திருக்குறள் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நிற்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்த இடத்திலெல்லாம் ஓர் அரைப்புள்ளி. பேச்சாளர் அதையே சுட்டிக்காட்டி, "வள்ளுவர் இங்கே என்ன சொல்கிறார் என்றால்..." என்று மனப்பாடமாகச் சமாளிப்பார். யூனிகோடில் அடித்துப் பிரவுசரில் திறந்தால் எந்த ஊர்க் கணினியிலும் தமிழ் தமிழாகத் தெரிகிறது. அதற்காக எத்தனை வெள்ளைத் திரையையும் பொறுத்துக்கொள்ளலாம்.

இதைவிட எளிதாக இருந்த காலமும் உண்டு. நார்வேக்காரர்களின் ஓபரா பிரவுசரில் எஃப்11 தட்டினால் பட்டைகள் மறைவதோடு, அதற்கென்று எழுதப்பட்ட சாதாரண வலைப்பக்கமே ஸ்லைடு ஸ்லைடாக நறுக்கப்பட்டு வந்து நிற்கும். வலைப்பக்கங்களுக்கு உடை உடுத்தும் சிஎஸ்எஸ்ஸை 1994-இல் முன்மொழிந்த ஹோகோன் வியூம் லீதான் அப்போது ஓபராவின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்தார். 1998-இன் சிஎஸ்எஸ்2-இல் அச்சுக்கு ஒரு நடை, புரொஜெக்டருக்கு ஒரு நடை என்று தனித்தனியாகவே எழுதிவைத்திருந்தார்கள். புரொஜெக்டர் நடையை மற்ற பிரவுசர்கள் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. 2013-இல் ஓபராவும் தன் பழைய எஞ்சினைக் கைவிட்டுக் குரோமியத்துக்கு மாறியது. நறுக்கும் வித்தை அத்தோடு போயிற்று. சட்டத்தில் மட்டும் இருந்து நடைமுறைக்கு வராமல் போவது நமக்குப் புதிதா என்ன?

இப்போது எந்த வலைப்பக்கமும் தானாக முழுத்திரைக்குப் போக முடியாது. யாராவது ஒருவர் சொடுக்கியோ தட்டியோ ஆக வேண்டும். போன உடனே, "முழுத்திரையிலிருந்து வெளியேற எஸ்கேப்பை அழுத்தவும்" என்று பிரவுசர் ஓர் அறிவிப்பும் வைக்கும். இதில் சூட்சுமம் இருக்கிறது. அறிவிப்பே இல்லாமல் விட்டால், ஒரு போலித் தளம் திரை முழுக்க உங்கள் வங்கியின் பக்கத்தை, போலி முகவரிப் பட்டையோடு வரைந்து காட்டிக் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு போய்விடும். ஆகவே எஸ்கேப்பைத் தட்டினால் பொதுவாக முழுத்திரை கலைந்துவிடும்படி வைத்திருக்கிறார்கள். பட்டு வேட்டி கட்டியவரிடம், இடுப்பில் ஒரு முனையைக் காட்டி, "அவிழ்க்க இங்கே இழுக்கவும்" என்று சீட்டு ஒட்டி மேடைக்கு அனுப்புகிற மாதிரி.

எங்கள் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் அந்தச் சீட்டைத் தவறாமல் படிப்பார். வாழ்நாள் முழுக்கச் சுற்றறிக்கைகளுக்குக் கட்டுப்பட்டவர். ஸ்லைடு விரியும், அறிவிப்பு வரும், கணீரென்ற குரலில் அதை மைக்கில் வாசிப்பார், பிறகு அப்படியே எஸ்கேப்பை அழுத்துவார். நான் ஓடிப்போய் மறுபடி விரித்துவிட்டு வருவேன். மறுபடி அறிவிப்பு. மறுபடி வாசிப்பு.

"ஐயா, அதை அழுத்த வேண்டாம்."

"அழுத்தவும்னு போட்டிருக்கே தம்பி?"

"வேணும்னாத்தான் ஐயா."

"அப்ப 'வேண்டுமெனில்'னு போட்டிருக்கணும்ல?"

இலக்கணப்படி அவர் சொன்னது சரி. விரித்த கையோடு கீபோர்டை அவர் கைக்கு எட்டாத இடத்தில் நகர்த்திவைத்தேன்.

மாணவர்கள் சாமர்த்தியசாலிகள். 2011-இல் வந்த ரிவீல்.ஜேஎஸ் என்ற கருவியைக் கொண்டு நிரல் எழுதியே ஸ்லைடு செய்கிறார்கள். அதில் எஃப் தட்டினால் முழுத்திரை. எஸ்கேப்பை ஒருமுறை தட்டினால் முழுத்திரை கலையும், இன்னொருமுறை தட்டினால் மொத்த ஸ்லைடும் சின்னச் சின்னக் கட்டங்களாகச் சுருங்கி வரிசை கட்டும். வெளித்தேர்வாளர் முன்னால் நிற்கும் பையனுக்கு விரல் நடுங்குமா, நடுங்காதா?

ஆனால் முழுத்திரை வராததில் பேச்சாளருக்குத்தான் நஷ்டம். சபைக்கு அது விருந்து. அரங்கத்தின் ஓரத்தில் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டது இது: பட்டைகள் தெரிகிறவரை ஸ்லைடை ஒருவரும் பார்ப்பதில்லை, எல்லாக் கண்களும் மேலே டேப்களில்தான். சங்க இலக்கியத்தில் திணை என்று கீழே ஓடும்போது மேலே வீட்டுக் கடன் வட்டி, பழைய கார் விலை, படிக்காத மெயில்களின் எண்ணிக்கை. டேப் கூடக்கூடத் தலைப்பு பாதியில் வெட்டுப்படும், சுவாரசியம் அங்கேதான். ஒருமுறை "மூல" என்பதோடு நின்றுவிட்டது. மூலப் பத்திரமா, மூல நட்சத்திரமா, இல்லை மூன்றாவதா என்று பின்வரிசையில் பட்டிமன்றமே நடந்தது. பேச்சாளர் உட்காராமல் நின்றே பேசியதை மூன்றாவது கட்சிக்காரர்கள் சான்றாகக் காட்டினார்கள்.

வரலாற்றுத் துறை மேடம் சோழர் கால நீர்ப்பாசனம் பற்றி உரையாற்ற வந்தபோதும் பட்டை மறையவில்லை. கல்லணையின் படம் கீழே. மேலே திருமணத் தகவல் மையம் ஒன்றின் பக்கம், அதற்கடுத்து பத்துப் பொருத்தம், அதற்கடுத்து இன்னொரு ஜாதகம். நான் எஃப்என் பொத்தானைக் கண்டுபிடிப்பதற்குள் சபை நட்சத்திரம் வரைக்கும் படித்துவிட்டது. உரை முடிந்து, கேள்வி நேரம் என்று அறிவித்தார்கள். நடு வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து, மைக்கை வாங்கி, ஏரிகளின் மதகுகளைப் பற்றி ஏதோ கேட்டுவைத்தார். பதிலைக் கேட்கிற பாவனைகூட இல்லை. கூட்டம் கலைந்ததும் நேரே மேடைக்கு வந்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க அக்கா பையன் கோயம்புத்தூர்ல இருக்கான். உத்திரம். உங்க வீட்டுப் பொண்ணுக்குப் பொருந்தும்னு நினைக்கிறேன்."

பொருந்தியது. நிச்சயதார்த்தத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. மண்டபத்தில் நுழைந்து சந்தனம்கூடத் தொடவில்லை, "தம்பி வந்தாச்சு!" என்று குரல் கேட்டது. இரு வீட்டுச் சிறு வயதுப் படங்களையும் பெரிய திரையில் ஓடவிட வேண்டுமாம். மாப்பிள்ளையின் லேப்டாப், மாப்பிள்ளையின் பிரவுசர், மேலே வழக்கம்போல ஊர்வலமாக டேப்கள். கடைசி டேப்பின் தலைப்பு "முடி மாற்று அறுவை" என்பதோடு வெட்டுப்பட்டிருந்தது. மாப்பிள்ளையின் அடர்த்தியான கிராப்பை நிமிர்ந்து பார்த்தேன். முதல் வரிசையில் மேடம் திரையை ஏறிட்டுவிட்டு, கைப்பைக்குள் மூக்குக்கண்ணாடியைத் துழாவ ஆரம்பித்திருந்தார்.

எஃப்11. நல்லவேளையாக, அந்த லேப்டாப்புக்கு எஃப்என் தேவைப்படவில்லை.