ஏர் ஃபில்டர் காட்சிப் படலம்

காரின் உறுப்புகளில் உரிமையாளர் தம் கண்ணால் கண்டு கருத்துச் சொல்லத் தக்கவை இரண்டே: டயர், ஏர் ஃபில்டர். டயரைப் பற்றித் தெருவில் போகிறவரும் கருத்துச் சொல்வார். எனவே அது ஆய்வுக்கு உரியதன்று. ஏர் ஃபில்டர் பற்றிய கருத்தோ, பானட் திறந்திருக்கும் சில நிமிடங்களுக்குள், மெக்கானிக் முன்னிலையில், கேட்டவுடன் சொல்லப்பட வேண்டியது. சர்வீஸுக்குக் கார் விடும் எவரும் கடந்தாக வேண்டிய இச்சடங்கை இக்கட்டுரை 'காட்சிப் படலம்' எனக் குறிக்கும். ஆய்வு எல்லை, பெட்ரோல் கார். டீசல் கார்க்காரர்கள் கரும்புகை பற்றித் தனி நூல் செய்துகொள்ளலாம்.

படலத்தின் அமைப்பு எங்கும் ஒன்றே. மெக்கானிக் கிளிப்புகளை விடுவித்து, பெட்டியின் மூடியைத் தூக்கி, ஃபில்டரை உருவி, தரையில் இரண்டு தட்டுத் தட்டுவார். அழுக்கு சிறு குவியலாக விழும். குவியல் விழாமல் வாசகம் தொடங்குவதில்லை. "பாருங்க சார், ஃபுல்லா ஜாம் ஆயிடுச்சு." உரிமையாளர் குனிந்து பார்த்து "அடடா" என்பார். (உச்சுக் கொட்டுவதும் வழக்கில் உண்டு.) அடுத்தது வினா: "ஏர் அடிச்சுப் போட்டுடவா, மாத்திடலாமா?" இவ்விடத்தில் உரிமையாளரின் முகம் காணத்தக்கது. விஷயம் சில நூறு ரூபாய்தான். ஆனால் இஞ்சினைப் பற்றி அவரிடம் ஒருவர் அபிப்பிராயம் கேட்பது அநேகமாக அதுவே முதல்முறை.

இவ்வுறுப்பு என்ன செய்கிறது எனின், கூறுதும். எத்தனால் கலக்காத பெட்ரோல் ஒரு கிலோ முறையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எடைக்கணக்கு யாருக்கும் உறைக்காது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று, அதாவது ஒரு தண்ணீர் லாரி என்றால் சென்னைவாசிக்கு உடனே விளங்கும். லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் கார் சென்னையில் கிளம்பி மதுரை போய்ச் சேர்வதற்குள் முப்பது லாரி காற்றைக் குடித்திருக்கும். அத்தனையும் விசிறி மடிப்பாக மடித்த ஒரு தாளின் வழியே போகிறது.

தாளில் தங்கும் மண்ணைக் கொண்டு வண்டியின் ஊரைச் சொல்லிவிடலாம். ஆடிக் காற்றில் திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டைத் தாண்டி வந்த ஃபில்டர் செந்நிறம். கோவில்பட்டிக் கரிசல் வேறு நிறம். கல் குவாரியும் கிரஷரும் உள்ள ஊர்களில் மடிப்புக்குள் சாம்பல் நிறத்தில் மாவு. அறுவடைக் காலத்தில் கொள்ளுச் செடியைச் சாலையில் பரப்பி, போகிற வண்டியை வைத்தே கதிரடிக்கும் ஊர்களின் வழியே வந்தால் தூசியோடு தும்பும் சருகும் கிடைக்கும். மழைக்கால இரவுகளில் ஈசல் இறகு. திணை பிரிக்க முயன்றதில் ஓர் இடர்ப்பாடு: முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாவது பழைய செய்தி, நான்குவழிச் சாலை வேலை நடக்கும் இடத்தில் மருதமும் நெய்தலும்கூடப் பாலையாகிவிடுகின்றன.

இந்தத் தூசியில் உள்ள குவார்ட்ஸ் துகள் கத்தியின் எஃகைவிடக் கடினமானது. தாளைத் தாண்டி உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரைத்துத் தின்னும். பிறகு வண்டி ஆயில் குடிக்கத் தொடங்கும். அப்போது யாரும் ஃபில்டரை நினைத்துப் பார்ப்பதில்லை.

'ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் அடிவாங்கும்' என்பது ஒரு சாரார் கொள்கை. அது கார்புரேட்டர் காலத்து உரை. அன்று காற்று குறைந்தாலும் பெட்ரோல் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. இன்றைய வண்டியில் கணினி உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்பவே பெட்ரோலை விடுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டிப் பார்த்தது. இவ்வகைக் கார்களில் மைலேஜ் சொல்லும்படி குறையவில்லை. அற்றேல் மாற்றவே வேண்டாம்போலும் எனின், அன்று. என்னை? பிக்கப் குறைந்தது ஆதலின். லாரியை ஓவர்டேக் செய்யப் பாதி தூரம் போனபின் இந்த ஆய்வு முடிவு நினைவுக்கு வருவது நல்லதன்று.

இனி இவ்வாய்வின் கருதுகோள். காட்சிப் படலத்தில் காட்டப்படும் அழுக்கு தவறான சான்று. ஃபில்டரின் வேலையே அழுக்காவதுதான். புத்தம்புதுத் தாளைவிட ஓரளவு தூசி படிந்த தாள் நுண்துகளை இன்னும் நன்றாகப் பிடிக்கும். படிந்த தூசியும் சேர்ந்து சல்லடையாகிறது. பார்க்க வேண்டியது பெட்டியின் மறுபாதியை, இஞ்சினுக்குப் போகும் பக்கத்தை. அங்கே விரலால் தடவினால் விரல் சுத்தமாக இருக்க வேண்டும். மண் ஒட்டினால் தாள் கிழிந்திருக்கிறது, அல்லது ரப்பர் விளிம்பு சரியாக உட்காரவில்லை, அல்லது போனமுறை யாரோ ஒரு கிளிப்பை மாட்டாமல் விட்டிருக்கிறார். எலி கடித்த மூலையும் உண்டு. இரவெல்லாம் மரத்தடியில் நிற்கும் கார்களில் எலிக்கு இந்தப் பெட்டி குடியிருக்கத் தோதான இடம். மடிப்புக்குப் பின்னால் மொபைல் டார்ச்சைப் பிடிக்கலாம்: மங்கலாகப் பரவி வெளிச்சம் தெரிந்தால் இன்னும் ஓடும், ஒன்றுமே தெரியாவிட்டால் காலம் முடிந்தது, ஒரு புள்ளியில் மட்டும் பளிச்சென்று தெரிந்தால் அங்கே ஓட்டை. எந்த உரிமையாளரும் மறுபாதியைத் தடவிப் பார்க்கக் கேட்டதாகக் களஆய்வில் தெரியவரவில்லை.

ஏர் அடிப்பது பற்றியும் கருத்துவேறுபாடு உண்டு. கம்ப்ரஸர் காற்றை அழுக்குப் பக்கத்திலிருந்து அடிப்பவர் தூசியைத் தாளுக்குள் ஆணியாய் அறைகிறார். சுத்தப் பக்கத்திலிருந்து, தள்ளிப் பிடித்து, மெதுவாக அடிப்பவர் கொஞ்சம் நாள் வாங்கிக் கொடுக்கிறார். பல கம்பெனிகளின் கையேட்டில் மாற்றும் கெடு 40,000 கி.மீ., புழுதிச் சாலை என்றால் அதற்கு முன்பே. 'புழுதிச் சாலை' என்பது எது என்று கையேடு வரையறுப்பதில்லை. உரையாசிரியர் தேவை.

கடைசியாகப் பாடபேதச் சிக்கல். ஒரே மாடல் கார்கள் வரிசையாக நிற்கும் சர்வீஸ் சென்டரில், நம்மிடம் காட்டப்படுவது மூலப்பிரதிதானா, இடைச்செருகலா? ஓய்வறைக்கே கொண்டுவந்து காட்டப்படும் ஃபில்டர் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கு அகச்சான்று கிடையாது. கல்வெட்டுச் சான்றை நாமே ஏற்படுத்திக்கொள்வதுதான் வழி: மாற்றும் அன்றே ஃபில்டரின் விளிம்பில் மார்க்கரால் தேதியும் கிலோமீட்டரும் எழுதிவிட வேண்டும். நல்ல மெக்கானிக்குகள் கேட்காமலே இதைச் செய்கிறார்கள்.

மேலாய்வுக்குரிய களம் ஒன்று உண்டு: ஏசி ஃபில்டர். இஞ்சின் ஃபில்டரை மாற்றிவிட்டு, காருக்குள் நாற்றம் போகவில்லையே என்று சண்டை பிடிப்போர் நாட்டில் மிகுதி. பல கார்களில் ஏசி ஃபில்டர் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. எடுத்துக் காட்ட வேண்டுமானால் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தாக வேண்டும் என்பதால், அதற்குக் காட்சிப் படலம் பெரும்பாலும் நடப்பதில்லை. பில்லில் மட்டும் நடக்கிறது.