நாயும் வேனும்: கடலோரச் சுற்றுலாவில் வேன் வீடாக மாறும் முறை குறித்துப் பாலசமுத்திரத்துச் சான்றுகளோடு ஓர் ஆய்வு

வீடும் வண்டியும் ஒன்றாக இருக்கும் ஊர்தியை மேல்நாட்டார் கண்டுபிடித்ததாகப் பொதுவாக நம்பப்படுகிறது. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாவற்றையும் முதலில் பொருத்திவிட்டு, அப்புறம் நண்பர்களையும் நாயையும் ஏற்றிக்கொண்டு கடலோரமாகக் கிளம்புவது அவர்கள் வழக்கம். தமிழ்நாட்டில் இத்தகைய வண்டிக்குக் கேரவன் என்று பெயர். அதில் சினிமாக்காரர்கள் மட்டுமே ஏறுவார்கள். படப்பிடிப்பு நடக்கும் இடத்தைத் தாண்டி அது எங்கும் போவதில்லை. பக்கத்துக் கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று கொள்கையே வெளியிட்டது. பாலசமுத்திரத்து இளைஞர்கள் எந்தக் கொள்கைக்கும் காத்திராமல் வேனைப் பிடித்துப் போய்வந்துகொண்டிருக்கிறார்கள். அந்த வேன் கிளம்பும்போது வெறும் வேன்தான். எங்கோ ஓரிடத்தில் அது வீடாகிவிடுகிறது. எங்கே, எப்படி, யாரால் என்பதே இவ்வாய்வின் பொருள். கருதுகோளை இப்போதே சொல்லிவிடலாம்: அந்த மாற்றம் நாயும் லாட்ஜ் மேனேஜரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளும் நிமிஷத்தில் நிகழ்கிறது.

ஆய்வுக்களம் பழனிக்குத் தெற்கே, கொடைக்கானல் மலை இறங்கி முடிகிற இடம். பேரூராட்சி. அகோபில வரதராஜப் பெருமாள் கோயில் உண்டு. கொஞ்சம் தள்ளிப் பாலாறு-பொருந்தலாறு அணை உண்டு. தண்ணீர்தானே பார்க்கவேண்டும், அணையைப் பார் என்பது ஊர்ப் பெரியவர்களின் கொள்கை. இளவட்டங்கள் அதை ஏற்பதில்லை. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் ஊர் உலகமே காவடியோடு பழனியைப் பார்த்து வருகிறது. வந்த கூட்டம் கலைந்ததும் உள்ளூர்க்காரர்கள் எதிர்த்திசையில் கிளம்புகிறார்கள். வீட்டில் சொல்லும் காரணம் திருச்செந்தூர். மலைமேல் முருகனைத் தினமும் பார்க்கிறோம், கடலோரத்து முருகனையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறோம் என்றால் எந்தத் தாயாலும் மறுக்க முடியாது. திருச்செந்தூருக்குப் போக ராமேஸ்வரத்தைச் சுற்றி ஏன் போகவேண்டும் என்று கேட்கும் தந்தைமார் உண்டு. பாவம் போகும் என்று பதில் சொன்னால், ‘எவ்வளவு சேர்த்து வச்சிருக்கே?’ என்று மறுகேள்வி வரும். அதற்குள் வேன் முன்பணம் கொடுத்தாகிவிட்டிருக்கும்.

இனி நாய். அது ஏன் வருகிறது? அன்பு என்று சொல்லிவிடுவது எளிது. கள ஆய்வு அதை ஆதரிக்கவில்லை. ஒருவன் வெளியூர் போனால் அவன் நாய்க்கு அடுத்தவன் சோறு வைப்பது ஊர் ஏற்பாடு. எல்லோரும் ஒரே வேனில் போகும்போது சோறு வைக்கவேண்டியவனும் வேனில்தான் இருக்கிறான். வீட்டில் அம்மா இருக்கிறாரே எனின், ‘நீங்க ஊர் சுத்தப் போவீங்க, நான் நாய்க்குக் காவலா?’ என்று அவர் கேட்டுவிடுகிறார். அப்பா வைத்தால் அது சாப்பிடாது. ரயிலில் கொண்டுபோவதென்றால் முதல் வகுப்பில் ஒரு கூப்பே முழுவதையும் பிடிக்கவேண்டும், இல்லையேல் கார்டு பெட்டியிலுள்ள நாய்க்கூண்டில் அடைக்கவேண்டும். ஆக, வேன்.

ஏறுகிற நாயின் இனம் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பேர்பெற்ற நாய்கள் தமிழ்நாட்டில் உண்டு. ராஜபாளையத்துக்கு 2005இல் அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. கோம்பையின் சொந்த ஊரோ மலைக்கு அந்தப் பக்கம், தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆயினும் வேனில் ஏறுவது இவற்றுள் எதுவுமல்ல. செவலை நிறம், ஒரு காது மடங்கல், பூர்வீகம் தெரியாது, பெயர் மணி. உடையவன் மட்டும் ‘கோம்பை கிராஸ்’ என்பான்.

முன்னாய்வுகளில் தலையாயது மகாபாரதம். மகாபிரஸ்தானிக பருவத்தைக் கண்ணீரோடு படித்த அறிஞர்கள் அதன் வழித்தடத்தைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள். அண்ணன் தம்பி ஐவர், திரௌபதி, ஒரு நாய். ஏழு உருப்படியும் நேரே இமயமலைக்குப் போகவில்லை. முதலில் கிழக்கே போய்க் கடலைப் பார்க்கிறார்கள். அங்கே அக்னி வந்து கேட்டுக்கொள்ள, அர்ஜுனன் காண்டீவத்தைத் தண்ணீரில் விடுகிறான். (கடலுக்குப் போனால் எதையாவது தொலைத்துவிட்டு வரும் வழக்கம் இவ்வளவு பழையது.) பிறகு தெற்கே திரும்பி, உப்புக்கடலை ஒட்டியே மேற்கே போய், கடல் மூழ்கடித்த துவாரகையைப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் வடக்கே மலையேறுகிறார்கள். கடலோரம், கூட்டாளிகள், நாய் மூன்றும் இருக்கின்றன. வேன் ஒன்றுதான் குறை.

மலையில் ஒவ்வொருவராக விழுந்து, கடைசியில் தருமனும் நாயும் மிஞ்சுகிறார்கள். இந்திரன் தேரோடு வந்து, நாய் வைத்திருப்பவர்களுக்குச் சொர்க்கத்தில் இடமில்லை என்கிறான். சொர்க்கம் அக்காலத்தில் கிடைத்த தங்குமிடங்களில் முதல்தரமானது; இந்திரன் அதன் மேனேஜர். தருமன் நாயை விட்டுவிட்டு உள்ளே போக மறுத்து வாசலிலேயே நின்றுவிட்டான். நாய் தருமதேவதையாக உருமாறியதால் அன்றைக்குச் சிக்கல் தீர்ந்தது. மணி இதுவரை எந்த லாட்ஜ் வாசலிலும் உருமாறவில்லை.

இரண்டாம் முன்னாய்வு ஜான் ஸ்டைன்பெக்குடையது. 1960இல் ஒரு பிக்கப் டிரக்கின் முதுகில் அறை கட்டச்சொல்லி, அதற்கு டான் குவிக்ஸாட்டுடைய குதிரையின் பெயரை வைத்து, சார்லி என்ற பூடில் நாயோடு அமெரிக்காவைச் சுற்றினார். புத்தகம் 1962இல் வந்தது. நோபல் பரிசும் அதே ஆண்டில் வந்தது. இரண்டுக்கும் தொடர்புண்டு என்று நாய் வளர்ப்போர் மட்டும் நம்புகிறார்கள். சிகாகோவில் சார்லியைக் காப்பகத்தில் விட்டுவிட்டு ஹோட்டலில் தங்கியதை அவரே எழுதியிருக்கிறார். வெகுகாலம் கழித்து அந்த வழியைத் துருவிய பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர், எழுத்தாளர் வண்டியில் தூங்கிய இரவுகள் சொற்பமே என்று எழுதிச் சலசலப்பை உண்டாக்கினார். இலக்கியவாதிகள் இதனால் வருந்தினார்கள். நமக்கு இது வலுவான சான்று. நாயை விட ஒரு காப்பகமும் தான் படுக்க ஒரு ஹோட்டலும் கிடைத்தவனுக்கு, கட்டிலோடு சேர்த்துக் கட்டிய வண்டிகூட வண்டியாகவே நின்றுவிடுகிறது.

பாலசமுத்திரத்தில் வேன் பேசும்போது நாயைப் பற்றிப் பேசுவதில்லை. வேன்காரர் கேட்பது ஆள் எத்தனை, நாள் எத்தனை, ஏசியா நான்-ஏசியா என்பதுதான். கிலோமீட்டருக்கு இவ்வளவு, டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் தனி. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது மரபல்ல. ராத்திரி நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, டாப்பில் ஜமுக்காளமும் பாத்திரமும் அடுப்பும் ஏற்றி, ஆயக்குடிக் கொய்யா ஒரு பை உள்ளே வைத்து, எல்லோரும் உட்கார்ந்த பிறகு மணி ஏறும். அப்போது நடக்கும் பேச்சு எல்லாக் குழுக்களிலும் ஏறக்குறைய ஒன்றே.

“என்னங்க தம்பி, நாயெல்லாம் ஏத்தறீங்க?”

“நம்ம மணிதாங்ண்ணே. ஒண்ணும் பண்ணாதுங்க.”

“ஓனருக்குத் தெரிஞ்சா என்னையத்தான் கேப்பாருங்க. சீட்டெல்லாம் முடியாயிரும்.”

“அது சீட்டுல உக்காராதுங்ண்ணே. கீழயே படுத்துக்கும்.”

“அப்ப சன்னலோரம் உக்காந்திருக்கறது யாருங்க?”

“டேய் மாப்ள, மணிய எறக்கி உடுடா.”

“நீயே எறக்கு மாப்ள. நான் போனா உறுமுது.”

இதன் பிறகு ‘பைரவர் வாகனமுங்க’ என்ற இறுதி வாதம் வைக்கப்படும். டேஷ்போர்டில் மூன்று சாமி வைத்திருக்கும் டிரைவரால் இதற்கு மறுப்புச் சொல்ல இயலாது. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரிகளுக்கு நடுவே டீக்கு நிறுத்தும்போது மணிக்குப் பன் வாங்கிப் போடுவது அவர்தான்.

திண்டுக்கல், மதுரை, பரமக்குடி: எல்லோரும் தூங்குவதால் இப்பகுதிக்குத் தரவுகள் இல்லை. மண்டபத்தில் விடியும். 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் வேன் ஏறும்போது, பக்கத்து ரயில் பாலம் பழையதா புதியதா என்று விவாதம் நடக்கும். மணி விவாதத்தில் கலப்பதில்லை. தலையை வெளியே நீட்டிக் காற்றைப் படிக்கிறது. நாயின் மூக்கில் மோப்ப உணர்விகள் இருபது கோடிக்கு மேல். மனிதனுக்கு ஐம்பது அறுபது லட்சம். கருவாடு எந்தத் தெருவில் காய்கிறது என்பது வரை அது தெரிந்துகொண்டுவிட்ட பிறகே நமக்குக் கடல் கண்ணில் படுகிறது.

தனுஷ்கோடியில் வெயில். 1964 டிசம்பர்ப் புயல் தின்றுவிட்டுப் போன ஊர். மிச்சமிருக்கும் தேவாலயச் சுவரைக் காட்டி ஒருவன் வரலாறு சொல்வான். அரிச்சல்முனை வரை தார்ச்சாலை 2017இல்தான் வந்தது. அதற்கு முன்பு மணலிலும் தண்ணீரிலும் விழுந்து எழுந்து போகும் வேன்களில்தான் போகவேண்டும். இரு பக்கமும் கடல் இருக்கும் அந்த முனையில் மணி செய்வது நண்டு தோண்டுவது. கூடவே ஒரு வாய் கடல்நீரைக் குடித்துவிட்டு உடையவனை நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பார்வைக்கு விளக்கம் தேவையில்லை. அதன் விளைவு ராமேஸ்வரம் திரும்பும் வழியில் பின்சீட்டில் தெரியும். உப்புத் தண்ணீர் நாய்க்கு ஆகாது. போகிறவர்கள் நல்ல தண்ணீர்க் கேனைக் கையோடு வைத்துக்கொள்வது நலம். ஆய்வுக் கட்டுரையில் அறிவுரை கூடாதுதான். பின்சீட்டில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்லி வைக்கிறேன்.

ராமேஸ்வரத்தில் பொழுது சாய, லாட்ஜ். மேனேஜர் ஆதார் அட்டை கேட்பார், எல்லோரும் எடுத்து நீட்டுவார்கள். அப்போது வாசலில் ஒரு குரைப்பு. மேனேஜர் பேனாவைக் கீழே வைக்கிறார்.

“அது உங்களுதா?”

இங்கே நிகழும் மௌனத்தின் நீளம் குழுவுக்குக் குழு மாறும். ‘இல்லீங்க, தெரு நாய்’ என்று சொன்ன குழுக்கள் உண்டு. மணி ஓடிவந்து அப்படிச் சொன்னவன் காலிலேயே உராயும். அறை உண்டு, நாய்க்கு இல்லை என்று தீர்ப்பாகிறது. யாராவது ஒருத்தர் வண்டியில் படுத்துக்கொள்ளுங்கள் என்று ஏற்பாடு. நாய்க்கு உடையவன் தியாகி முகத்தோடு பாயை எடுத்துக்கொண்டு இறங்குகிறான்.

இனி நடப்பதைக் கூர்ந்து கவனிக்கவேண்டும். அவனுக்குத் துணையாக ஒருவன் போகிறான். சீட்டுக்கட்டு அவர்களிடம் இருப்பது நினைவுக்கு வந்து இருவர் போகிறார்கள். வேனில் பாட்டு ஓடுகிறது. நடுவழியில் ஜமுக்காளம் விரிகிறது, சீட்டுகள் சாய்கின்றன. அறையில் இருப்பவர்களுக்குத் தங்களைப் பற்றித்தான் கீழே பேசுகிறார்கள் என்ற ஐயம் எழுகிறது. ஐயம் பெரும்பாலும் சரியானதே. நள்ளிரவில் அறையில் இருப்பவை சார்ஜ் போட்ட செல்போன்கள் மட்டும். மறுநாள் காலை குளிப்பதற்கு மட்டுமே பயன்படும் அந்த அறைக்கு முழு வாடகை கொடுக்கப்படுகிறது. கன்னியாகுமரி வரை மற்ற ஊர்களில் அறையே போடுவதில்லை. குளிக்க இடம் கிடைத்தால் போதும். வேன் வீடாகிவிட்டது.

அற்றேல், டூரிஸ்ட் பஸ்ஸில் அரிசி மூட்டையும் சமையல்காரரும் ஏற்றி, வழிநெடுக ஆக்கித் தின்றுகொண்டே காசி வரை போய்வந்த நம் முன்னோர் செய்ததும் இதுதானே என வினவலாம். அன்று. அவர்கள் வண்டியில் சமைத்தார்களேயன்றிச் சத்திரத்தில் படுத்தார்கள். சமைப்பது மட்டும் வீடாகாது. கல்யாண மண்டபத்திலும் சமைக்கிறார்கள்.

வீடு என்பதற்குக் களத்தில் கிடைத்த அடையாளங்கள் வேறு. வேன் கதவுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே கயிறு கட்டி வேட்டியும் துண்டும் காய்வது ஒன்று. உள்ளே செருப்போடு ஏறுகிறவனை எல்லோரும் சேர்ந்து திட்டுவது இன்னொன்று. கிளம்பிய அன்று இந்தக் கட்டுப்பாடு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலானது, மணி நான்கு டயரையும் சுற்றிக் காலைத் தூக்கிப் பட்டா போட்டுக்கொள்வது. அதன் பிறகு அந்தப் பார்க்கிங் இடம் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருப்பதாக அது ஒப்புக்கொள்வதில்லை. நடந்துபோகும் உள்ளூர்க்காரர்களை அந்நியர்களாகக் கருதிக் குரைக்கிறது. உள்ளூர் நாய்கள் கூடிவந்து ஆட்சேபம் தெரிவிக்கும். பேச்சுவார்த்தை விடிய விடிய நடக்கும். நண்பர்கள் தூங்காததற்குக் கடலலையைக் காரணம் சொல்வார்கள்.

கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் என்று கடலோரமாகவே தூத்துக்குடிக்கு இறங்கும் சாலையில் சொல்ல அதிகமில்லை. மரம் தேடி இறக்கிவிட்டால் சீமைக்கருவேலம்தான் கிடைக்கிறது. முள் குத்தி, மணி மூன்று காலில் திரும்பி வருகிறது. உப்பளங்களைப் பார்த்துப் பனி என்று சொல்பவன் ஒருவன் எல்லாக் குழுவிலும் இருக்கிறான்.

திருச்செந்தூரில் வேறொரு சிக்கல். நாய்க்குக் கோயிலில் இடமில்லை, ஆகவே ஒருவர் வெளியே நிற்கவேண்டும். ‘நான் போன வருசமே பாத்துட்டேன் மாப்ள, நீங்க போய்ட்டு வாங்க’ என்று பெருந்தன்மையோடு முன்வருபவரை ஆராய்ந்தால், கட்டண வரிசைக்குக் காசு போடவேண்டியவராக இருப்பார். தருமபுத்திரனும் வாசலில் நின்றவன்தானே என்று அவர் வாதிடுகிறார். வாதம் செல்லும், கணக்கு எழுதும்போது அவர் பங்கு குறைக்கப்படுவதில்லை. கன்னியாகுமரியிலும் பாறைக்குப் போகும் படகுக்கு இதே முறைதான். திருவள்ளுவர் சிலையை மணி கரையிலிருந்தே பார்க்கிறது. பார்க்கிறது என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. பஜ்ஜிக் கடையும் அந்தத் திசையில்தான் இருந்தது.

மேலாய்வுக்குரிய களங்கள் பல. பூனையை ஏற்றிய குழு இதுவரை தென்படவில்லை. வழியில் சமைக்கச் சேவல் கொண்டுபோன குழு ஒன்று, மூன்றாம் நாள் அதற்குப் பேர் வைத்துவிட்டதால் திரும்ப ஊருக்கே கொண்டுவந்ததாகக் கேள்வி. இரண்டு நாய் ஏறினால் வேன் இரண்டு வீடாகுமா என்பது முனைவர் பட்டத்துக்குரிய தலைப்பு. இதற்காக ஒரு பதினெட்டு சீட் வேனும் ஒரு வாரமும் கேட்டு நிதியுதவிக்கு விண்ணப்பம் தயாராகிவருகிறது. வாட்டர் வாஷ் செலவை ‘ஆய்வகப் பராமரிப்பு’ என்ற தலைப்பின்கீழ் எழுதியாகிவிட்டது. டிரைவர் பேட்டாவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று மட்டும் நண்பர்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை.