மூன்றாம் சுப்பிரமணியனும் பச்சைச் சேலை அத்தையும்

வம்சாவளி எழுத உட்காருகிறவர்களுக்குப் பத்திரம், பட்டா, கல்யாணப் பத்திரிகை எல்லாம் பிறகுதான். முதலில் கையில் சிக்குவது போட்டோ. எங்கள் குடும்பத்தில் அது நிறையவே சிக்குகிறது. டிரங்குப் பெட்டியிலிருந்து ஸ்கேன் செய்ததும், சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் தள்ளியதுமாக என் கணினியில் ஒரு பெரிய ஃபோல்டர். அதில் என் முன்னோர்களின் திருநாமங்கள் இவை: ஸ்கேன் 0001, ஸ்கேன் 0001 காப்பி, டி.எஸ்.சி. 00412, தாத்தா, தாத்தா புதுசு, தாத்தா புதுசு ஃபைனல். தாத்தா 1971-இல் காலமானவர். அதன் பிறகு அவரிடம் புதுசு என்று எதுவும் நடந்ததாகத் தகவல் இல்லை.

கணினியின் தேதியை நம்பினால் கெட்டோம். ஸ்கேன் செய்த நாளையே அது படத்தின் நாளாகப் போட்டுக்கொள்கிறது. அதன்படி தாத்தா 2019-இல் ஸ்டுடியோவுக்குப் போய், துணியில் வரைந்த மாடிப்படிக்கு முன்னால் கோட்டு மாட்டி நின்றிருக்கிறார். பழைய டிஜிட்டல் கேமராக்களில் பேட்டரி அடியோடு தீர்ந்தால் காலண்டரும் ஆரம்பத்துக்குத் திரும்பிவிடும். ஆகவே 2000 ஜனவரி 1 நள்ளிரவில் எங்கள் வீட்டில் ஒரு காதுகுத்து, ஒரு கிரகப்பிரவேசம், ஒரு பதினாறாம் நாள் விசேஷம் எல்லாம் ஒரே சமயத்தில் நடந்திருக்கின்றன. வாட்ஸ்அப்போ படத்துக்குள் கேமரா குறித்துவைத்த நாளையும் இடத்தையும் துடைத்துவிட்டுத்தான் அனுப்பும். டாக்குமெண்டாக அனுப்பினால் அவை அழியாது என்று குடும்பக் குழுவில் விளக்கி எழுதினேன். பதிலுக்கு ஒரு குட்மார்னிங் ரோஜா வந்தது. டாக்குமெண்டாக.

கடைசியில் சின்ன ஆச்சியிடம்தான் போக வேண்டியிருந்தது. எண்பத்தைந்தைத் தாண்டியவர். படத்தைக் காட்டி எப்போது எடுத்தது என்றால், “எம்சியாரச் சுட்டாகல்லா, அந்தப் பொங்கலுக்கு” என்கிறார். எம்.ஜி.ஆர். சுடப்பட்டது 1967 ஜனவரி 12. பொங்கல் அடுத்த இரண்டு நாளில். எந்தக் கேமராவும் இவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை. ‘தனுஷ்கோடி புயலுக்கு முந்தின ஆவணி’ என்றால் 1964 ஆகஸ்ட், செப்டம்பர். படத்தின் பின்பக்கம் எழுதியிருப்பதுதான் படுத்தும். ‘பார்த்திப ௵ தை’ என்று அழகான கையெழுத்து. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும் என்பதால் அது 1946 ஆகவும் இருக்கலாம், 2006 ஆகவும் இருக்கலாம். நல்லவேளை, மாப்பிள்ளை குடுமி வைத்திருந்தார்.

வருஷம் கிடைத்துவிட்டால் அதைப் பெயரின் தொடக்கத்தில் போடுவது உத்தமம்: 1967-01. நாளை முதலில் எழுதினால், 14-01-1967-க்குப் பக்கத்தில் 14-01-2016 வந்து தோளில் கை போட்டு நிற்கும்.

ஆளின் பெயர்தான் பெரும்பாடு. மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சு. ஆறுமுகத்தின் மகன் ஆ. சுப்பிரமணியன், அவர் மகன் சு. ஆறுமுகம், அவர் மகன் ஆ. சுப்பிரமணியன். இனிஷியலைப் பார்த்துத் தலைமுறையைக் கண்டுபிடிக்கவே முடியாது. சோழர் வரலாறு எழுதியவர்களுக்கும் இதே தலைவலி இருந்திருக்கும். அவர்கள் எண் போட்டுச் சமாளித்தார்கள். நானும் போட்டேன். தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் இப்போது மூன்றாம் சுப்பிரமணியன். நான்காமவர் பெங்களூரிலிருந்து கூப்பிட்டு, தன்னை ஏன் கடைசியில் வைத்தேன் என்று கோபித்துக்கொண்டார்.

பெண்களுக்குக் கல்யாணத்தோடு இனிஷியல் மாறிவிடும் என்பதால், பிறந்த வீட்டு இனிஷியலையே போட்டுவைத்தேன். வம்சாவளிக்காரர்கள் உலகம் முழுக்கச் செய்வது அதுதான். “கட்டி அம்பது வருஷமாச்சு, இன்னும் அவ எங்க வீட்டுக்கு வரலையாக்கும்?” என்று ஒரு மாமா கேட்டார். அவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

உறவுமுறையைப் பெயராக வைப்பவர்களை ஒன்றும் செய்ய முடியாது. எனக்குப் பெரியப்பா, அத்தை மகனுக்கு மாமா, அவன் அம்மாவுக்கு அண்ணன். மூன்று ஃபோல்டரிலும் ஒரே ஆள், ஒரே முறைப்பு. அக்காவைத் தாய்மாமனுக்கே கொடுத்த வீட்டில் அவர் மாமாவா அத்தானா என்பது கேட்கிற நாளைப் பொறுத்தது. மென்பொருளில் இந்தக் கோடுகளை இழுத்துப் பார்த்தால் வம்ச விருட்சம் சிக்குக் கோலமாகத்தான் வருகிறது.

முகத்தைப் பார்த்து ஆளைப் பிரிக்கும் வசதி போனிலேயே இருக்கிறது. அது என் இரண்டு சித்தப்பாக்களின் படத்தையும் பக்கத்தில் வைத்து, இருவரும் ஒருவரா என்று கேட்டது. கிணற்றுப் பங்கு வழக்கில் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பி அவர்கள். கோர்ட்டால் முடியாததைப் போன் முடித்துவைக்கப் பார்த்தது. நான்தான் ‘இல்லை’ என்று அமுக்கினேன்.

ஆச்சியின் அடையாளங்களும் லேசுப்பட்டவை இல்லை. “பச்சைச் சேலை கட்டிருக்கால்லா, அவதாம்ல உனக்கு அத்தை முறை.” படம் கறுப்பு வெள்ளை. அதில் பெண்கள் ஏழு பேர். சந்தேகமாக ஒரு கேள்விக்குறி போட்டுச் சேமிக்கலாம் என்றால், விண்டோஸ் ஃபைல் பெயரில் கேள்விக்குறியை அனுமதிப்பதில்லை. எங்கள் வம்சத்தில் சந்தேகமே கூடாது என்பதில் அது அவ்வளவு உறுதி. ‘அத்தையாக இருக்கலாம்’ என்று எழுத்தில் போட்டுத்தான் தப்பித்தேன். ஃபைல் பெயரை நாளைக்கு யாராவது ‘ஃபைனல்’ என்று மாற்றிவிடுவார்கள் என்பதால், அதே விவரத்தைப் படத்துக்குள்ளே இருக்கும் தலைப்புக் கட்டத்திலும் எழுதினேன். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்துவைத்தேன். ஸ்டுடியோ முத்திரை இருப்பது அங்கேதான்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கும், ஓர் ஆச்சியும் இருப்பார். அடுத்த லீவுக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். பின்பக்கம் எழுதப் பால்பாயிண்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தடம் விழும். மெத்தென்ற பென்சில் போதும். ‘இவங்க யாரு’ என்று மட்டும் கேளுங்கள். ‘இவங்க எப்படி’ என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு ஒரு படத்துக்குக்கூடப் பெயர் வைக்க முடியாது.