கண்ணாடி கழற்றும் கலை

ஜொகூர் சாலையில் கப்சாய் மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பறக்கும் தம்பிக்குப் போலீஸ் சம்மன் நிச்சயம். அதே தம்பி முதல் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கட்டும். கண்ணாடியோடு சிக்னல் விளக்கு, ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். சாலையில் குற்றம், தடத்தில் தகுதி!

ஆனால் நம் தம்பிக்குக் கழற்றத்தான் தெரியும், கட்டத் தெரியாது. எஞ்சின் எண்ணெய் வடிக்கும் போல்ட்டில் துளையிட்டு, மெல்லிய எஃகுக் கம்பியால் இறுக்கிக் கட்ட வேண்டும். அது அவிழ்ந்து எண்ணெய் கொட்டினால் வழுக்கி விழுவது பின்னால் வருபவர். ரேடியேட்டர் உள்ள வண்டியில் கூலன்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர். காரணம் அதே வழுக்கல்தான். இவை எதுவும் புகைப்படத்தில் தெரியாது. எனவே காசெல்லாம் தங்க நிறச் சங்கிலிக்கும், தெருவையே எழுப்பும் சைலன்சருக்கும், இல்லாத ஸ்பான்சர்களின் ஸ்டிக்கருக்கும் போகிறது. தேய்ந்த பிரேக் பேட் தேய்ந்தபடியே இருக்கிறது.

இதே ஜொகூரின் பாசிர் கூடாங்கில் 1986இல் பந்தயத் தடம் திறந்தார்கள். 1998இல் உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீயே அங்கு நடந்தது. அங்கு வந்தவர்களும் வளைவுக்கு முன் பிரேக் பிடித்தவர்கள்தான்.

தம்பி, ஸ்டிக்கர் பிறகு ஒட்டலாம். முதலில் பிரேக் பேடை மாற்று.